வெள்ளிக்கிழமை மாத்திரையும் மஞ்சள் கேப்சூலும்

கேள்வி: எங்கள் மகளுக்கு எட்டு வயது, தொடக்கநிலை 2 படிக்கிறாள். ஆறு வயதில் வலது முழங்காலும் கணுக்காலும் வீங்கின. சிறார் மூட்டழற்சி என்றார்கள். ஏ.என்.ஏ. என்ற ரத்தச் சோதனை பாசிட்டிவ். வெள்ளிக்கிழமைதோறும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, வலி வந்தால் நாப்ராக்சென். வெள்ளி இரவெல்லாம் வாந்தி. இப்போது அந்த மஞ்சள் நிற மாத்திரையைக் கண்டாலே அழுகிறாள். என் நாத்தனார் சொல்லி ஒரு நலவாழ்வு மையத்துக்குப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பில் ஃப்ரீ ராடிக்கல் மிக அதிகம், ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்தான் இந்த நோய்க்கே மூலகாரணம் என்றார்கள். வைட்டமின் சி 1,000 மில்லிகிராம், வைட்டமின் இ 400 யூனிட், செலினியம் 200 மைக்ரோகிராம், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் என நான்கு டப்பா, மாதம் 380 வெள்ளி. மூன்று மாதத்தில் மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறார்கள். டப்பாக்களை வாங்கி வைத்திருக்கிறோம், இன்னும் திறக்கவில்லை. ஆனால் இரண்டு வாரமாக மெத்தோட்ரெக்சேட் கொடுக்கவில்லை. பிள்ளை வாந்தியில்லாமல் சந்தோஷமாக இருக்கிறாள். டாக்டரிடம் சொன்னால் கோபப்படுவாரோ என்று பயமாக இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டதால் கண் பரிசோதனையையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டோம். என்ன செய்வது? — ஒரு தாய், செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மையத்தில் உங்களிடம் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் பேசிவிடுவோம். உண்மையில்லாத மறுபாதி அதன் தோளில் ஏறித்தான் உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

மூட்டு வீங்கிய பிள்ளைகளுக்கு முழங்காலில் ஊசி போட்டு நீர் எடுப்போம். உங்கள் மகளுக்கும் எடுத்திருக்கலாம். நோயில்லாத மூட்டின் நீர் முட்டையின் வெள்ளைக்கருவைப் போலப் பிசுபிசுப்பாக இருக்கும். ஊசிமுனையிலிருந்து சொட்டவிட்டால் சட்டென்று அறுந்து விழாது, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நூலாக நீண்டு தொங்கும். அழற்சி உள்ள மூட்டின் நீர் மங்கிய மஞ்சளாக, தண்ணீரைப்போல டொக்கு டொக்கென்று சொட்டும். நூலே வராது. அந்தப் பிசுபிசுப்பைத் தருவது ஹயலுரோனிக் அமிலம் என்ற நீளமான சங்கிலி. அதைத் துண்டு துண்டாக அறுப்பவற்றில் ஒன்று உங்களிடம் சொன்ன அதே ஃப்ரீ ராடிக்கல்தான். ஆக, ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், அதாவது ஆக்ஸிஜனேற்ற அழுத்தம், கடைக்காரர்கள் கட்டிய கதை இல்லை. நான் அதன் விளைவைக் கண்ணால் பார்க்கிறேன்.

அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கண்டால் ஆக்சிஜனை எடுத்து, சூப்பர்ஆக்ஸைடு என்ற கூரான ஒரு பொருளாக மாற்றி அதன்மேல் கொட்டும். ஃப்ரீ ராடிக்கலில் அதுவும் ஒரு வகை. கிருமி சாகும். வேலை முடிந்தபின் மிச்சத்தைத் துடைக்க உடம்பிலேயே ஆள் இருக்கிறது. ஒரு நொதி சூப்பர்ஆக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றும். கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்ற இரண்டு நொதிகள் அந்தப் பெராக்ஸைடை வெறும் தண்ணீராக்கிவிடும். இந்தக் கடைசி நொதிக்குத்தான் செலினியம் வேண்டும். கொட்டுவதும் துடைப்பதும் ஈடாக இருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை.

சிறார் மூட்டழற்சியில், அதாவது 16 வயதுக்குமுன் தொடங்கி ஆறு வாரத்துக்குமேல் நீடிக்கும் காரணம் தெரியாத மூட்டு அழற்சியில், கிருமி எதுவும் இல்லாமலே வெள்ளை அணுக்கள் மூட்டுக்குள் திரண்டு வந்துவிடுகின்றன. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற செய்திப் பொருள்கள் அவற்றை மேலும் மேலும் அழைக்கின்றன. வந்தவை சும்மா இருப்பதில்லை, கொட்டிக்கொண்டே இருக்கின்றன. துடைப்பதற்குள் அடுத்தது கொட்டப்படுகிறது. அதனால்தான் நோய் மும்முரமாக இருக்கும் பிள்ளைகளின் ரத்தத்தில் ஆக்சிஜனேற்றத்தால் சிதைந்த கொழுப்பின் மிச்சங்கள் கூடியும், ஃப்ரீ ராடிக்கலைத் துடைக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்கள் குறைந்தும் காணப்படுகின்றன. பல நாட்டு ஆய்வாளர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த மையம் எடுத்த சோதனையிலும் அதுதான் தெரிந்திருக்கும். உங்கள் மகளுக்கு வெறும் சளிக்காய்ச்சல் இருந்திருந்தாலும், முதல் நாள் கீழ்த்தளத்தில் ஓடியாடி விளையாடியிருந்தாலும்கூட அந்த எண் கூடியிருக்கலாம். சிகிச்சையை முடிவுசெய்ய நாங்கள் அதைப் பார்ப்பதில்லை. எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது, காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கிறது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எண்கள் எவ்வளவு, பிள்ளையும் நீங்களும் என்ன சொல்கிறீர்கள் என்பவற்றைத்தான் பார்க்கிறோம்.

இப்போது மறுபாதிக்கு வருகிறேன். பால் பொங்கி வரும்போது மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் நுரை அடங்கும். அடுப்பு எரிந்துகொண்டேயிருந்தால் அடுத்த நிமிடம் மறுபடி பொங்கும். ஃப்ரீ ராடிக்கல் அந்த நுரை. அடுப்பு, அழைப்பு விடுத்துக்கொண்டே இருக்கும் நோய் எதிர்ப்பு மண்டலம். மெத்தோட்ரெக்சேட் அடுப்பைத் தணிக்கிறது. சிகிச்சை பலித்து வீக்கம் வடிந்த பிள்ளைகளிடம் அந்த ஆக்சிஜனேற்ற அளவுகளும் சீராவதைக் கண்டிருக்கிறார்கள். ஆக, ஆன்டிஆக்ஸிடன்ட் சமநிலையை மீட்கும் மருந்து உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு வாரமாக நீங்கள் கொடுக்காமல் வைத்திருப்பது அதைத்தான்.

ஃப்ரீ ராடிக்கல் என்றாலே எதிரி, முழுக்க ஒழித்துவிட வேண்டும் என்று பேசுபவர்களுக்கு ஒரு செய்தி தெரிய வேண்டும். பிறப்பிலேயே சூப்பர்ஆக்ஸைடு செய்ய முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். குரோனிக் கிரானுலோமட்டஸ் நோய் என்று பெயர். அவர்கள் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. சாதாரணக் கிருமியும் பூஞ்சையும் அவர்களை உயிராபத்துக்குக் கொண்டுபோகும். அதோடு குடலிலும் மற்ற உறுப்புகளிலும் கிருமியில்லாமலே அழற்சி வருகிறது. 2003இல் சுவீடன் ஆய்வாளர்கள் எலிகளில் இதையே வேறு வழியில் கண்டார்கள். சூப்பர்ஆக்ஸைடைக் குறைவாகச் செய்யும் ஒரு மரபணு வகை இருந்த எலிகளுக்கு மூட்டழற்சி இன்னும் கடுமையாக வந்தது. அந்தப் பொருள் கிருமியைக் கொல்வதோடு, எதிர்ப்பு மண்டலத்துக்குப் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் செய்தியாகவும் வேலை செய்கிறது என்பதுதான் அதிலிருந்து புரிவது. சமநிலை என்ற சொல்லை நான் மதிக்கிறேன். சமநிலை என்றால் ஒரு தட்டை முழுக்கக் கவிழ்ப்பது ஆகாது.

சரி, அந்த நான்கு டப்பாக்கள்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளுக்கு வேண்டிய வைட்டமின் சி, அமெரிக்கப் பரிந்துரைப்படி 25 மில்லிகிராம். தாண்டக்கூடாத மேல்வரம்பு 650. உங்கள் டப்பாவில் 1,000 இருக்கிறது. மிஞ்சியது சிறுநீரில் போகும், வயிற்றுப்போக்கு வரும், நாளடைவில் சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் சேரவும் இடமுண்டு. செலினியத்துக்கு இந்த வயதில் தேவை 30 மைக்ரோகிராம், மேல்வரம்பு 150. அவர்கள் தருவது 200. செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரம் குறைவு. மிஞ்சினால் முடி கொட்டும், நகம் உடையும். வைட்டமின் இ-யின் தேவை 7 மில்லிகிராம்தான். 400 யூனிட் அதைப்போல் பல மடங்கு. அதிக அளவில் அது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். நாப்ராக்செனும் அதையே செய்யும், வயிற்றையும் உறுத்தும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

மஞ்சளைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். ‘மஞ்சள்தானே, நம் வீட்டுச் சாமான்தானே’ என்று எல்லாரும் கேட்கிறார்கள். குழம்பில் போடும் மஞ்சள், இருமலுக்குப் பாலில் கலக்கும் மஞ்சள், எல்லாம் தாராளமாகப் போடுங்கள். அதில் ஒரு பயமும் இல்லை. சமையல் மஞ்சளிலுள்ள குர்குமினில் மிகச் சிறிதளவே ரத்தத்தில் ஏறுகிறது. குடலும் கல்லீரலும் அதை உடனே வெளியே தள்ளிவிடுகின்றன. 1998இல் பெங்களூரில் செய்த ஓர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச்சத்து, சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் ஏறும் அளவு இருபது மடங்கு கூடியது. கேப்சூல் செய்பவர்கள் இதைப் பெருமையாக டப்பாவின்மேல் போடுகிறார்கள். எனக்கோ அந்த வரிதான் கவலை. உடம்பு வேண்டாமென்று கழித்துவிடும் ஒன்றை, கழிக்கும் வாசலை அடைத்துவிட்டு உள்ளே ஏற்றுகிறார்கள். அந்த வாசல் மஞ்சளுக்கு மட்டும் உரியதன்று, வேறு மருந்துகளும் அதே வழியில்தான் கழிகின்றன. மஞ்சள் கேப்சூல் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்த செய்திகள் பல நாடுகளில் சேர்ந்து, 2023இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே விட்டது. அப்படி ஆவது அபூர்வம்தான். ஆனால் உங்கள் மகள் மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் பிள்ளை. கல்லீரல் எப்படி இருக்கிறது என்று அறியத்தான் அவளுக்கு அவ்வப்போது ரத்தம் எடுக்கிறோம். அந்த எண் திடீரென்று கூடினால், மாத்திரையாலா கேப்சூலாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முதலில் நிறுத்தப்படுவது பலன் தரும் மருந்தாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் சத்து மாத்திரைகள் கடைக்கு வருவதற்குமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை. கடையில் விற்கிறது என்பதால் அரசாங்கம் சோதித்துப் பார்த்துவிட்டது என்று பொருளில்லை. மூட்டுவலிக்கென்று இணையத்திலும் கைமாற்றாகவும் விற்கும் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை அதே ஆணையம் பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. அப்படிப்பட்டதைத் தின்ற பிள்ளைக்கு இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி கூடும், கன்னம் உப்பும். பெற்றோர் மகிழ்ந்துபோவார்கள். பிறகு திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் டப்பாக்கள் அப்படி என்று நான் சொல்லவில்லை. எந்தப் புதுப் பொருளாலும் அதிசயமாகச் சீக்கிரம் குணம் தெரிந்தால் உடனே எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.

இனி வாந்தி. உங்கள் கடிதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ராத்திரி பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு வாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு, அந்த மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் தேவவாக்காகத்தான் கேட்கும். மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் பிள்ளைகளில் பலர் நாளடைவில் மாத்திரையை விழுங்குவதற்குமுன்பே குமட்டுகிறார்கள். மஞ்சள் நிறத்தைக் கண்டால் குமட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எலுமிச்சைச் சாதத்தைத் தள்ளிவிட்ட பையனை எனக்குத் தெரியும். அது நடிப்பில்லை, பிடிவாதமும் இல்லை, மூளை கற்றுக்கொண்ட பாடம். ‘சும்மா விழுங்கு’ என்று அதட்டினால் பாடம் இன்னும் ஆழமாகப் பதியும்.

இதற்கு வழிகள் இருக்கின்றன. மாத்திரையை இரவு உணவுக்குப்பின், தூங்கப்போகும் நேரத்தில் கொடுக்கலாம். ஃபோலிக் அமிலம் கொடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அது வாய்ப்புண்ணையும் குமட்டலையும் குறைக்கும், கல்லீரலையும் காக்கும். எந்த நாளில் எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் சொன்னபடி செய்யுங்கள். ஒன்டான்செட்ரான் போன்ற வாந்தித் தடுப்பு மருந்தை முன்கூட்டியே கொடுக்கலாம். சில பிள்ளைகளுக்கு மாத்திரையைத் தோலடி ஊசியாக மாற்றினால் வயிறு அடங்கும். எதுவுமே ஒத்துவராவிட்டால் அடாலிமுமாப், எட்டனர்செப்ட் போன்ற உயிரியல் மருந்துகள் இருக்கின்றன. செலவைப் பற்றி இப்போதே மலைக்க வேண்டாம். மருத்துவமனையின் மருத்துவச் சமூக சேவையாளரிடம் பேசலாம். இவற்றில் ஒன்றையாவது உங்களுக்கு யாரும் சொல்லவில்லையென்றால், அது எங்கள் பக்கத்துக் குறை. நீங்கள் வேறு கதவைத் தட்டியதில் வியப்பில்லை.

டாக்டர் கோபப்படுவாரோ என்று கேட்டிருந்தீர்கள். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் நான். என்னிடம் ஒரு குழந்தை வந்துகொண்டிருந்தது. மெத்தோட்ரெக்சேட் கொடுத்தும் முழங்கால் வீக்கம் வடியவேயில்லை. மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டினேன். பிறகும் அசையவில்லை, ஊசிக்கு மாற்றினேன். அந்த வாரம் பிள்ளை சுருண்டு விழுந்துவிட்டது. அப்போதுதான் பாட்டி அழுதுகொண்டே சொன்னார், நான்கு மாதமாக மாத்திரை குப்பைத் தொட்டிக்குத்தான் போயிருக்கிறது. மருந்தே பழகாத உடம்பில் கூட்டிய அளவை ஊசியாக ஏற்றியிருக்கிறேன். என் கேள்வி எப்போதும் ‘மருந்து ஒழுங்காகக் கொடுக்கிறீர்கள்தானே?’ என்றே இருந்திருக்கிறது. அதற்கு எந்தத் தாயும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வாள். இப்போது நான் ‘போன மாதம் எத்தனை வெள்ளிக்கிழமை தவறியது?’ என்று கேட்கிறேன். பதில் வருகிறது. உங்கள் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: ‘இரண்டு வாரம் கொடுக்கவில்லை, வாந்தி தாங்கவில்லை.’ இவ்வளவு போதும். டப்பாக்களையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், பின்பக்கச் சிறு எழுத்துகளை நாங்கள் பார்க்க வேண்டும்.

விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்து ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை மட்டும். தவறிப்போய் தினமும் கொடுத்து, எலும்பு மஜ்ஜையே செயலற்றுப்போன சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. வரும் வெள்ளிக்கிழமைக்குள் மருத்துவமனைத் தாதியைக் கூப்பிட்டு, எப்படி மறுபடி தொடங்குவது என்று கேளுங்கள். இரண்டு வாரத்தில் வீக்கம் தெரியாததால் மருந்து தேவையில்லை என்று எண்ண வேண்டாம். அது மெதுவாக ஏறும் மருந்து, மெதுவாகத்தான் இறங்கும். பழைய வாரங்களின் பலன் இன்னும் மிச்சமிருக்கிறது.

ஆன்டிஆக்ஸிடன்ட் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாட்டில் இருப்பதைக் கொடுங்கள். 100 கிராம் கொய்யாவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. அரைப் பழமே அவளுடைய ஒரு நாள் தேவையைத் தாண்டிவிடும். ஒரு முட்டையும் ஒரு துண்டு மத்தி மீனும் செலினியத்துக்குப் போதும். தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை கிடைக்கும், பக்கத்து ஈரச்சந்தையில் கங்கோங் கீரை கிடைக்கும், பப்பாளி எங்கும் கிடைக்கும். மெத்தோட்ரெக்சேட்டுக்காக இவற்றில் எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. வீட்டில் யாராவது புகைபிடித்தால் பிள்ளை இருக்கும் இடத்தில் வேண்டாம். ஒரு சிகரெட் புகை கொண்டுவரும் ஆக்சிஜனேற்றச் சுமை சின்னதன்று. ஓடினால் ஃப்ரீ ராடிக்கல் கூடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அளவான உடற்பயிற்சி, துடைக்கும் நொதிகளையே உடம்பில் கூட்டுகிறது. நீச்சல் மூட்டுக்குப் பாரம் தராது. தொடக்கநிலை 3இல் பள்ளியில் நீச்சல் வகுப்பு வந்தால், வீக்கம் இல்லாத நாள்களில் தயங்காமல் அனுப்புங்கள்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. கண் பரிசோதனையைத் தள்ளிவைத்தது. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அதுதான்.

ஆறு வயதில் தொடங்கிய நோய், நான்கு மூட்டுக்குள் அடங்கியது, ஏ.என்.ஏ. பாசிட்டிவ், வந்து நான்கு ஆண்டு ஆகவில்லை. கண்ணுக்குள் யுவியைட்டிஸ் என்ற அழற்சி வர வாய்ப்பு மிகுந்த கூட்டத்தில் உங்கள் மகள் இருக்கிறாள். அந்த அழற்சி பெரும்பாலும் சத்தமே போடாது. சிவக்காது, வலிக்காது, பிள்ளைக்குப் பார்வை மங்குவதும் தெரியாது. ஒற்றைக் கண் மங்கினால் மற்றக் கண்ணால் சமாளித்துக்கொள்ளும். கண் மருத்துவரின் ஸ்லிட் லாம்ப் விளக்கில்தான் அது தெரியும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்கிறோம். அழற்சியை அடக்கி வைத்திருக்கும் மெத்தோட்ரெக்சேட் இரண்டு வாரமாக இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதனால் நாளைக் காலை மருத்துவமனையைக் கூப்பிடும்போது முதலில் கண் பரிசோதனைத் தேதியைக் கேளுங்கள். மாத்திரை விட்டுப்போனதைச் சொன்னால் முன்னதாகவே இடம் தர முயற்சி செய்வார்கள். அதற்குள் கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசுகிறது என்றாலோ, கண்ணின் பாவை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்தாற்போல் தெரிந்தாலோ, தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துப்போங்கள்.